மீட் என்றால் உப்பு

புனேவுக்கு வந்த மூன்றாம் நாள் நான் உப்புக் காப்பி குடித்தேன். 1973 ஜூன். வயது இருபத்திரண்டு. கும்பகோணத்திலிருந்து மெட்ராஸ், அங்கிருந்து பம்பாய் மெயிலில் குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர் என்று உட்கார்ந்தபடியே வந்து இறங்கி, ராஸ்தா பேட்டில் ஒரு வாடாவின் மாடியறையில் ஒண்டியிருந்தேன். வாடா என்றால் நடுவில் முற்றம், சுற்றிலும் குடித்தனங்கள். நம் பக்கத்து ஸ்டோர் வீடு மாதிரி. ஸ்டவ் இருந்தது. காப்பிப்பொடி ஊரிலிருந்தே வந்திருந்தது. சர்க்கரை மட்டும் இல்லை. கீழே கடைக்குப் போனேன். மராத்தியில் ஒரு சொல்லும் தெரியாது. இந்தியில் சர்க்கரைக்கு என்ன என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று. பிரசார சபாவில் பிராத்மிக் எழுதிய ஞாபகத்தில் 'மீட்டா, மீட்டா' என்றேன். கடைக்காரர் தலையாட்டிவிட்டு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மராத்தியில் 'மீட்' என்றால் உப்பு. சர்க்கரைக்கு அவர்கள் சொல்வது 'சாகர்'. பேசாமல் தமிழிலேயே 'சர்க்கரை' என்று கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பார்.

இந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் நூறு தடவை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இதன் இரண்டாம் பாதியை யாரிடமும் சொன்னதில்லை. மறுநாள் சர்க்கரை வாங்க நான் அந்தக் கடைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அவர் முன்னால் இன்னொரு தடவை முட்டாளாக நிற்கப் பிடிக்காமல், நாலு தெரு தள்ளி ஒரு தமிழர் நடத்திய கடையைத் தேடிப் பிடித்து, பதினெட்டு வருஷம் அங்கேயே கணக்கு வைத்துக்கொண்டேன். பம்பாயில் 1960களின் கடைசியில் மதராசிகளுக்கு எதிராகக் கிளம்பிய கோஷம் எல்லோர் காதிலும் ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது என்று சமாதானம் சொல்லலாம். புனேயில் என்னை ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. வெறும் கூச்சம்தான். ராஸ்தா பேட்டில் தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. வேலைக்குப் போன இடத்தில் அரைகுறை இந்தி, வீடு திரும்பினால் தமிழ், ஒரு நாள் தாமதமாக வந்தாலும் தமிழ்ப் பத்திரிகை. புனேயின் நடுவில் ஒரு கும்பகோணத்தை வைத்துக்கொண்டு அதற்குள் குடியிருந்தேன்.

எழுபத்துநான்கு வயதில் இதை ஒப்புக்கொள்ள வைத்தவள் என் பேத்தி.

2022இல் பட்டப்படிப்பை முடித்தாள். அடுத்து எம்.எஸ்., அதற்கடுத்து வேலை என்று என் மகன் கோடு போட்டு வைத்திருந்தான். அவளோ இரண்டு வருஷமாக போட் கிளப் ரோடு மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தாள். அது ஒன்றும் அதிசயமில்லை. புனேயில் ஜெர்மன் படிக்காத வீடு தெருவுக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். பி-ஒன் பரீட்சை பாஸானதும் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: "ஒரு வருஷம் ஜெர்மனி போறேன். படிக்க இல்லை. முதியோர் இல்லத்துல வேலை செய்ய."

மகன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். சம்பளம் உண்டா என்று கேட்டேன். இல்லையாம். தங்க இடம், சாப்பாடு, காப்பீடு, மாதம் சில நூறு யூரோ கைச்செலவு. "நம்ம ஊர்ல கிழவன் கிழவி இல்லையா?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்வி. இன்றைக்கும் நியாயமான கேள்வி என்றுதான் நினைக்கிறேன்.

அவள் பொறுமையாக விளக்கினாள். அங்கே அதற்கு 'தன்னார்வ சமூக ஆண்டு' என்று பெயர். 1964இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். பள்ளி முடித்த பிள்ளை மேலே படிக்கப் போகுமுன் ஆஸ்பத்திரியிலோ, மழலையர் பள்ளியிலோ, முதியோர் இல்லத்திலோ ஒரு வருஷம் இருந்து பார்க்கலாம். அந்த ஒரு வருஷத்தில் குறைந்தது 25 நாள் வகுப்பு உண்டு. செய்த வேலையைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டும். ராணுவத்துக்குப் போக மறுத்த பையன்கள் ஒரு காலத்தில் அதற்குப் பதிலாக இப்படிப்பட்ட இடங்களில்தான் வேலை செய்தார்கள். 2011இல் கட்டாய ராணுவச் சேவையை நிறுத்தி வைத்தபோது எல்லா வயதினருக்குமாக இன்னொரு தன்னார்வத் திட்டத்தையும் ஆரம்பித்தார்கள். ஆக, அந்த ஊரில் ஒரு வருஷம் 'சும்மா' போய்விட்டு வந்த பிள்ளையை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. நம் வீடுகளில் ப்ளஸ் டூவுக்கும் காலேஜுக்கும் நடுவில் ஒரு வருஷம் விட்டால், பையன் ஃபெயிலா, பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

நான் வேறு வழியில் மடக்கப் பார்த்தேன். குளிரைச் சொன்னேன். குளிர் என்றால் எனக்கு ஆனந்திபாய் ஜோஷியின் ஞாபகம். 1883இல், பதினெட்டு வயதில், கல்கத்தாவில் கப்பலேறி அமெரிக்கா போனவர். பென்சில்வேனியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படித்து 1886இல் டாக்டர் பட்டம் வாங்கினார். புடவையை விடவில்லை, சைவத்தை விடவில்லை; குளிர் அவரை விடவில்லை. காசநோயோடு திரும்பி வந்து, 1887 பிப்ரவரி 26ஆம் தேதி இதே புனேயில் இறந்துபோனார். இருபத்திரண்டு வயதுகூட நிறையவில்லை. அவருடைய அஸ்தியை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அவரை மகள் போல வைத்துக்கொண்ட குடும்பத்தின் கல்லறை வளாகத்தில், நியூயார்க் மாநிலத்தின் போகீப்ஸியில் அது இருக்கிறது. கதையைச் சொல்லி முடித்துவிட்டு, போதுமா என்பது போலப் பார்த்தேன்.

"தாத்தா, கர்வே ரோடு யார் பேர்ல இருக்கு?" என்றாள்.

தோண்டோ கேசவ் கர்வே. விதவைகள் மறுமணத்துக்கும் பெண்கள் படிப்புக்கும் ஆயுளைக் கொடுத்தவர், நூறு வயதில் பாரத ரத்னா வாங்கியவர். இது தெரியாமல் புனேயில் ஐம்பது வருஷமா?

"அவர் மருமக இராவதி ஜெர்மனி போறேன்னு சொன்னப்போ வேண்டாம்னு சொன்னவர் அவர்தான்."

அது எனக்குத் தெரியாது. இராவதி கர்வேயை 'யுகாந்த' எழுதியவராகத் தெரியும், புனே தெருவில் ஸ்கூட்டர் ஓட்டிய பெண்மணியாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். 1928 நவம்பரில், கடன் வாங்கிய பணத்தில், கணவர் தினகர் பக்கம் நிற்க, மாமனார் சொல்லை மீறி அவர் பெர்லினுக்குப் போனார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. நான் உப்புக் காப்பி குடித்த அதே வயது. கைசர் வில்ஹெல்ம் மானுடவியல் நிறுவனத்தில் ஓய்கன் ஃபிஷர் என்பவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். பின்னாளில் நாஜிகளின் இனக் கொள்கைக்கு விஞ்ஞானச் சாயம் பூசிக் கொடுத்த மனிதர் இவர். மண்டையோடுகளை அளந்து, வெள்ளையரின் மண்டை அமைப்பே அவர்களை அறிவில் உயர்ந்தவர்களாக்குகிறது என்ற எண்ணத்துக்கு ஆதாரம் காட்டுவதுதான் கொடுத்த வேலை. இராவதி 149 மண்டையோடுகளை அளந்தார். இனத்துக்கும் மண்டையின் கோணலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஊரில், அந்த மொழியில், அந்தப் பேராசிரியருக்கு எதிரில். பட்டம் கிடைத்தது, மதிப்பெண் குறைவாக.

திரும்பி வந்த இராவதி பிற்பாடு பண்டரிபுரத்துக்குப் போகும் வார்கரிகளோடு நடந்தார். ஒரே விட்டலனைப் பாடிக்கொண்டு ஒரே பாதையில் நடக்கிறவர்கள், சாப்பாட்டு நேரத்தில் சாதிவாரியாகப் பிரிந்து உட்காருவதைக் கண்டு மனம் நொந்து எழுதினார். அந்தப் பாதை புனே வழியாகத்தான் போகிறது. வருஷா வருஷம் பால்கி, அதாவது பல்லக்கு, வரும்போது நானும் ஓரமாக நின்று கும்பிட்டிருக்கிறேன். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பார்த்ததில்லை.

பேத்தி போய்விட்டாள். 2022 செப்டம்பர். காஸல் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்புகள். அவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பிய எல்லா வீட்டிலும் நடக்கும் நாடகம் இது. கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள் என்பது தெரியாமல், அன்றைக்கு நானும் மனைவியும் அறுபது நிமிஷம் செல்போனைச் சுவரில் சாத்தி வைத்து உட்கார்ந்திருந்தோம். அவள் வந்ததும் "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன்." "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." அறையைக் காட்டு என்றால் ஒரே மூலையைத்தான் காட்டுவாள்: மடித்த போர்வை, ஜன்னலில் ஒரு செடி. ஜனவரியில் எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த ஞாயிறு நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தேன். ஊரில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்று மனைவி சொன்னாள். அதே ஜனவரியில், பேத்தி பத்து நாள் யாரிடமும் பேசாமல் அறையில் சுருண்டு கிடந்தாள் என்பது எட்டு மாசம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் மடித்த போர்வையைத்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அவள் திரும்பி வந்த பிறகு ஒரு மழைக்கால மாலையில், இவளைப் போலவே போய் வந்த இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். சதாசிவ் பேட்டைச் சேர்ந்த ஒரு பெண், ஹாம்பர்கில் ஒரு குடும்பத்தில் தங்கிக் குழந்தை பார்த்துக்கொண்டவள், 'ஓ-பேர்' என்கிறார்கள். பிம்ப்ரியிலிருந்து ஒரு பையன், காட்டுக்குள் நடக்கும் மழலையர் பள்ளியில் இருந்தவன். மொட்டை மாடியில் தகரக் கூரைக்கு அடியில் பஜ்ஜி, டீ. நான் ஓரமாகப் பத்திரிகை படிக்கிற பாவனையில் காதைக் கொடுத்திருந்தேன்.

கோட்டைகளையும் பாலங்களையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பையன் சொன்னான், மழை வந்தால் இங்கே குழந்தைகளை உள்ளே இழுப்போம், அங்கே கோட்டு மாட்டி வெளியே விடுகிறார்கள். முதல் மாதம் அவன்தான் நடுங்கினான், மூன்று வயதுக் குழந்தை ஒன்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் எங்கே கால் வைக்கலாம் என்று காட்டியது. அந்தப் பெண் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை கடை எதுவும் திறக்காது. தெருவே செத்த மாதிரி இருக்கும். லட்சுமி ரோட்டின் இரைச்சலை யூடியூபில் போட்டுக் கேட்டாளாம். காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட். பெரிய பூங்காவில் பாட்டில் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் முதியவரைப் பார்த்த அன்றைக்குத்தான் 'பணக்கார நாடு' என்ற சொல் தன் வாயில் வருவது நின்றது என்றாள்.

என் பேத்தி சொன்னதைக் கேட்டபோது பத்திரிகை என் கையில் தலைகீழாக இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. ஜெர்மனில் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு, 'டு', 'ஸீ'. நம் வீட்டில் வளர்ந்த பெண், என்னை ஒரு நாளும் 'நீ' என்று சொன்னதில்லை. அங்கே போய், பதற்றத்தில் வாக்கியம் குழறி, தொண்ணூறு வயதுப் பாட்டியை முதல் வாரமே 'டு' என்று சொல்லிவிட்டாள். கூட இருந்த நர்ஸ் எல்லோர் முன்னாலும் திருத்தினார். மொத்த அறையும் திரும்பிப் பார்த்தது. பாத்ரூமில் போய் அழுதாள். மறுநாள் காலை அதே அறைக்கு அதே பாட்டிக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுக்கப் போக வேண்டியிருந்தது. வேறு அறை கேட்கலாமா என்று நினைத்தாளாம். கேட்கவில்லை. போய் நின்றாள். அதற்கடுத்த நாளும் போனாள். அந்தப் பாட்டிக்கு மறதி. தினமும் காலையில் 'நீங்கள் யார்?' என்று கேட்பார். இவளும் தினமும் பேரைச் சொல்வாள். அந்தப் பேர் அவர் வாயில் நுழையவே இல்லை. மே மாதம் ஒரு நாள், தெளிவாக இருந்த ஒரு காலையில், அவரே சொன்னார்: இனிமேல் என்னை 'டு' என்றே கூப்பிடலாம். அங்கே வயதில் மூத்தவர்தான் அப்படி அனுமதி கொடுக்க வேண்டுமாம். மறுநாள் அவர் அதை மறந்துவிட்டார். இவள் மறுபடி 'ஸீ'க்குப் போய்விட்டாள்.

மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. நான் கீழே இறங்கிப் போய்விட்டேன்.

எனக்குத் தெரிந்த அந்தக் கடை, நான் திரும்பிப் போகாத அந்தக் கடை, இன்றைக்கு மொபைல் கவர் விற்கும் கடையாகிவிட்டது.

1937இல் டெக்கான் ஜிம்கானாவில் யோகா சொல்லிக்கொடுக்க ஆறு மாதத்துக்கென்று அழைத்து வரப்பட்ட பி.கே.எஸ். அய்யங்காரை இப்போதெல்லாம் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பதினெட்டு வயது. கோலார் பக்கம் பெல்லூர்ப் பையன். மராத்தி கிடையாது, இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி. முன்னால் நின்றவர்களோ இவரைவிடப் படித்த கல்லூரிப் பையன்கள். அவர்கள் சிரித்தபோது அவரும் வேறு கடை தேடியிருக்கலாம். 2014இல் இறக்கும் வரை புனேயிலேயே இருந்தார். மாடல் காலனியில் 1975இல் அவர் ஆரம்பித்த நிலையத்துக்கு உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆட்டோக்காரரிடம் அவர்கள் வழி சொல்லத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் சிரிப்பு வரும்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே பிள்ளையை விமானம் ஏற்ற வேண்டாம். இது கைச்செலவு மட்டும் கிடைக்கிற வருஷம். விமானச் சீட்டுக்கும் விசாவுக்கும் கையில் காசு வேண்டும், திரும்பி வந்ததும் உடனே சம்பாதித்துப் போட வேண்டிய அவசரம் வீட்டில் இருக்கக் கூடாது. எத்தனை வீட்டில் அது முடியும்? இதற்கு லட்சக்கணக்கில் கமிஷன் கேட்கும் ஏஜென்ட்கள் புனேயில் முளைத்திருக்கிறார்கள். எங்களிடமும் ஒருவர் கேட்டார். பேத்தி நேராக அந்த இல்லத்துக்கே எழுதி இடம் வாங்கினாள். கடிதம் எழுதும் அளவுக்கு மொழி தெரிந்ததால் அது நடந்தது. மொழி படிக்காமல் ஏஜென்டை நம்பிப் போன பிள்ளைகள் பட்ட பாட்டை அவளே சொல்லியிருக்கிறாள்.

வந்த புதிதில் அவளோடு எனக்குச் சண்டைதான். ஹாரன் சத்தம் பொறுக்கவில்லை, பஸ் நேரத்துக்கு வரவில்லை, வரிசையில் யாரும் நிற்பதில்லை. "அப்போ அங்கேயே இருந்திருக்கலாமே" என்று ஒரு நாள் வாயை விட்டுவிட்டேன். மூன்று மாதத்தில் அந்தக் காய்ச்சல் இறங்கிவிட்டது. இறங்காமல் தங்கியது வேறொன்று. என்னிடம் பேச வந்தால் நின்றுகொண்டு பேசுவதில்லை. சமையலறையிலிருந்து முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து, என் சாய்வு நாற்காலிக்கு எதிரில், என் கண்ணுக்கு நேரே உட்கார்ந்துகொண்டுதான் வாயைத் திறப்பாள். மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தால் நான் விழுங்கி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். அங்கே அப்படித்தான் பழக்கினார்களாம். முப்பது வருஷமாக என் மகன் வாசற்படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் பேசுவான். நான் என் அப்பாவிடம் அப்படித்தான் பேசினேன்.

ஒரு சனிக்கிழமை அவளை மகாத்மா புலே மண்டைக்கு அழைத்துக்கொண்டு போனேன். மண்டை என்றால் இங்கே காய்கறிச் சந்தை. 1886இல் வெள்ளைக்காரன் காலத்தில் திறந்த அந்தக் கோபுரக் கட்டடத்துக்கு வெளியே, கீரை விற்கும் ஒரு மாவ்ஷியிடம் (நம் சித்தி, பெரியம்மா மாதிரி) முப்பது வருஷமாக வாங்குகிறேன். மேத்தி, பாலக், அம்பாடி என்று விரலை நீட்டினால் போதும், காசு கொடுத்தால் போதும். பேத்தி சட்டென்று கோணியில் அவர் எதிரே குந்தி உட்கார்ந்துவிட்டாள். ஜனம் இடித்துக்கொண்டு போகிறது. இவள் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். கால் மணி நேரத்தில் மாவ்ஷிக்குச் சொந்த ஊர் சாத்தாரா ஜில்லா என்பதும், மூட்டுவலிக்கு ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள் என்பதும், மகன் ரிக்ஷா ஓட்டுகிறான் என்பதும் எனக்குத் தெரிந்தது. முப்பது வருஷம்.

இப்போது அவள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். போன மாதம் நான் மட்டும் மண்டைக்குப் போனேன். மாவ்ஷி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆஜோபா, நாத் குடே?" என்றார். பேத்தி எங்கே என்கிறார். வழக்கம்போல் கையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். குந்தி உட்கார முட்டி இடம் கொடுக்கவில்லை. பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த கூடையைக் காட்டினார், அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"பங்களூர்லா கேலா," என்றேன். பெங்களூருக்குப் போய்விட்டாள் என்று அர்த்தம். அதாவது, நான் அப்படி நினைத்துக்கொண்டேன்.

மாவ்ஷி சிரித்த சிரிப்பில் பக்கத்து எலுமிச்சங்காய்க்காரியும் திரும்பிப் பார்த்தாள். "கேலா நாஹி, ஆஜோபா! முல்கி நா? கேலீ." பெண்பிள்ளை அல்லவா, 'போனான்' இல்லை, 'போனாள்'. ஐம்பத்திரண்டு வருஷத்தில் என் மராத்தியை யாரும் திருத்தியதில்லை. திருத்துகிற அளவுக்கு நான் யாரிடமும் பேசியதில்லை. தமிழில் கேலி என்றால் வேறு பொருள் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"கேலீ," என்றேன்.

"ஹோ," என்றார் மாவ்ஷி. மேத்திக் கட்டை உதறி என் பையில் போட்டார்.